மஞ்சள் எரியாத சிக்னல்

நான் பார்த்த முதல் உத்தியோகம் சிக்னல் சொல்வது. அதற்குப் பிறகு எத்தனையோ வேலைகளில் சேர்ந்தேன். சிலவற்றை நான் விட்டேன், சிலவற்றில் அவர்களே என்னை விட்டார்கள். ஒரு குறையும் சொல்லாமல் மேலதிகாரி என்னைப் பாராட்டிக்கொண்டே இருந்தது அந்த முதல் வேலையில் மட்டும்தான். மேலதிகாரி என் அப்பா. அலுவலகம், அவருடைய சைக்கிளின் பார்.

வீடு ஸ்ரீரங்கத்தில். அப்பா வேலை பார்த்தது மலைக்கோட்டைக்குக் கீழே, கடைவீதியில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில். நடுவில் காவிரி. மூன்றாம் வகுப்பு வரை நான் எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தேன். மணி அடிக்கிற சத்தம் கேட்டபிறகு தட்டைக் கழுவிவிட்டுக் கிளம்பினாலும் பிரேயருக்குப் போய் நின்றுவிடலாம். நாலாம் வகுப்புக்கு அப்பா திடீரென்று என்னைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், தெப்பக்குளத்துக்குக் கிட்டே ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். என் கணக்கு மார்க்கைப் பார்த்த யாருக்கும் அப்படி ஒரு யோசனை வந்திருக்காது. பெரியப்பா நேராகவே கேட்டுவிட்டார்: "இவனுக்கு எதுக்குடா அவ்வளவு பெரிய ஸ்கூல்? ஃபெயிலாகிறதுக்குப் பாலம் தாண்டிப் போகணுமா?"

அப்பா சிரித்துக்கொண்டு, "போகிற வழிதானே, நானே கூட்டிட்டுப் போயிடறேன்" என்றார். என்னிடம் ஏதோ திறமை இருப்பது அப்பாவுக்கு மட்டும் தெரிந்துவிட்டது என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

என் வயதுப் பையன்கள் எல்லாம் அப்பாக்களின் சைக்கிளில் பின்னால் கேரியரில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி வருவார்கள். என்னை மட்டும் அப்பா முன்னால் பாரில், துண்டைச் சுற்றி, கைக்குழந்தை மாதிரி உட்காரவைப்பார். என் தலை அப்போதே உடம்பைவிடக் கொஞ்சம் சீனியர். அது ஹேண்டில்பாருக்கு மேலே உரித்த தேங்காய் மாதிரி நிற்கும். கூடப் படித்தவர்கள் "பால் பாட்டில் எங்கடா?" என்று கேட்பார்கள். கேரியருக்குப் போகிறேன் என்று அழுது பார்த்தேன். அப்பா மசியவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பதவி கொடுத்தார். "நீ பின்னாடி உட்கார்ந்தா சிக்னலை யாருடா சொல்றது?"

அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். பதவி என்றால் எனக்கு அன்றும் பலவீனம்.

ஜங்ஷனில் ரயில் வருகையை அறிவிப்பார்களே, அந்தக் குரலை எடுத்துக்கொண்டேன். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மாம்பழச்சாலை சிக்னல், சிவப்பு. வலது பக்கம் தண்ணி லாரி. இடது பக்கம் ஒரு மாமி, மொபெட்டில், கோபமாக." அப்பா பிரேக்கைப் பிடிப்பார். "பச்சைப்பா, பச்சை!" பெடலை மிதிப்பார். பக்கவாட்டில் வருவதையும் சொல்லவேண்டும் என்பது அப்பா போட்ட விதி. பாலத்தில் ஏறியதும் அவர் இடது பக்கத்துக் கட்டைச் சுவரை ஒட்டியே போவார். முழங்கால் சுவரில் உரசுகிற மாதிரி இருக்கும். பஸ்கள் எங்களை அந்தச் சுவரோடு வைத்துத் தேய்த்துவிடுவது போல ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப்போகும். காவிரிப் பாலத்தில் பஸ்ஸுக்கு ஒரு பாதி, லாரிக்கு ஒரு பாதி. மிச்சம் இருந்தால் சைக்கிளுக்கு. அப்பா நடுவில் வரவே மாட்டார். பயந்தாங்கொள்ளி என்று நினைத்து, அவர் மானத்தைக் காப்பாற்ற நான் இன்னும் சத்தமாக அறிவிப்பேன்.

நம் ஊரில் சைக்கிளுக்குச் சிக்னல் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். சட்டத்தில் இருக்கிறதோ என்னவோ, சைக்கிள்காரர்களின் மனதில் இல்லை. சிவப்பு விழுந்தால் காரும் பஸ்ஸும் நிற்கும், சைக்கிள் மட்டும் இடுக்குகளில் நுழைந்து, யாரையும் பார்க்காமல், ஏதோ கோயிலில் பிரதட்சணம் போகிற முகத்தோடு தாண்டிவிடும். அப்பா நிற்பார். வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் இறங்கி, ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை என் தோளில், சாமி புறப்பாட்டுக்கு வழிவிட்டு நிற்கிற மாதிரி நிற்பார். பின்னாலிருந்து யாராவது, "ஏங்க, நீங்க என்ன லாரியா ஓட்டறீங்க, போங்க!" என்பார்கள். நகர மாட்டார்.

அண்ணா சிலை சிக்னலில் நிற்கிற டிராஃபிக் போலீஸ்காரருக்கு அப்பாவைக் கண்டால் அப்படி ஒரு பாசம். ஹெல்மெட் இல்லாமல் கோட்டைத் தாண்டி வந்து நிற்கிறவர்களிடம் எங்களைக் காட்டிப் பேசுவார். "அந்த சைக்கிள்காரரைப் பாருங்கய்யா! வண்டில இஞ்சின் இல்லாத மனுஷன் நிக்கிறாரு. உங்களுக்கு என்ன?" எல்லாரும் திரும்பி எங்களைப் பார்ப்பார்கள். ஊரிலேயே யோக்கியமான சைக்கிள்காரரின் மகன் என்று நான் நெஞ்சை நிமிர்த்துவேன். அப்பா மட்டும் தலையைக் குனிந்துகொள்வார். அடக்கம் என்று நினைத்தேன்.

இதையெல்லாம் படிக்கிற உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்குப் புரியாததற்கும் காரணம் இருந்தது. அப்பா பேப்பரைக் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்து வரைக்கும் படிப்பார். அம்மாவின் ஊசியில் ஒரே முயற்சியில் நூல் கோர்த்துக் கொடுப்பார். கடையில் புடவையை மடியில் விரித்தால், இழை விட்டுப்போன இடத்தை விரலால் தொட்டுக் காட்டிவிடுவார். அப்படிப்பட்டவர் வீட்டுக்குள் நடந்தால் மட்டும் முக்காலி, சொம்பு, என் புத்தகப் பை, எதையாவது உதைப்பார். அம்மா "பார்த்து" என்பாள். "நீங்க ரெண்டு பேரும் எதையும் கீழே வைக்காதீங்க" என்று அப்பா சிடுசிடுப்பார். எங்கள் வீட்டில் எல்லாம் கீழேதான் இருக்கும். மேலே வைக்க மேசையா வாழ்ந்தது?

அந்த வருஷம் பூராவும் எங்களுக்குப் பொன்னாங்கண்ணிக் கீரை. பொரியல், கூட்டு, மசியல். ஒருநாள் தோசையில்கூடப் பச்சையாக எட்டிப் பார்த்தது. அம்மாவுக்கு வேறு கீரையின் பெயர் மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, நான் ஒருமுறை பெயர்களை வரிசையாகச் சொல்லியும் பார்த்தேன். அம்மா அப்பாவின் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள்.

"பஸ்ல போங்களேன், ஒண்ணாம் நம்பர் பஸ்தான் நிமிஷத்துக்கு ஒண்ணு போகுதே" என்று அம்மா அடிக்கடி சொல்வாள்.

"இத்தனை வருஷமா சைக்கிள்ல வர்றவன் பஸ்ல போய் இறங்கினா கடையில ஏன்னு கேப்பாங்க" என்பார் அப்பா.

கேட்டால் என்ன? டயர் பஞ்சர் என்று சொல்லிவிட்டுப் போகிறது! இந்தச் சின்ன விஷயத்துக்கு அப்பா இப்படி யோசிக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். வேலையைக் காப்பாற்றிக்கொள்கிற பேச்சு அது என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு வேலை போகிற பயம் வந்தது எல்லாம் பிற்காலத்தில், அடிக்கடி.

ஐப்பசி மழை தொடங்கியபோது, அண்ணா சிலை சிக்னலில் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வருகிறவர்களுக்கான கம்பத்தில் சிவப்பு விளக்கு செத்துப்போனது. பச்சை மட்டும் எரியும், அணையும். நான் முதல் நாள் குழம்பி, "ஒண்ணுமே எரியலப்பா" என்றேன். அப்பா உடனே நின்றுவிட்டார். கொஞ்சம் யோசித்து, "சரி, ஒண்ணும் எரியலைன்னா சிவப்புன்னு வச்சுக்கடா" என்றார். புது விதி எனக்குப் பிடித்திருந்தது. இருட்டையும் ஒரு நிறமாக அறிவிக்கிற வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் நான் கடைக்குப் போய், துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வீட்டுப்பாடம் என்ற பெயரில் கொட்டாவி விடுவேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு, பையனைக் காரணம் சொல்லி, அப்பா மற்றவர்களுக்கு முன்னால் கிளம்பிவிடுவார். அன்றைக்கு மழை விட்டு வானம் கருப்பாகவே நின்றது. மூட்டை வந்து இறங்கியதால் கொஞ்சம் தாமதம். சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது கரண்ட் போய்விட்டது. கடைகள், தெருவிளக்கு, எல்லாம் ஒரே அடியாக இருண்டன. சிக்னலுக்கு வந்து பார்த்தால் அதுவும் இருட்டு. போலீஸ்காரரையும் காணவில்லை.

"என்னடா?" என்றார் அப்பா.

"ஒண்ணும் எரியலப்பா."

அப்பா இறங்கி நின்றார். விதி விதிதானே. நாங்கள் நின்றோம். எதிரே, பக்கவாட்டில், எல்லா வண்டிகளும் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஒன்றுக்குள் ஒன்று நுழைந்துகொண்டிருந்தன. எங்களுக்குப் பின்னால் ஹாரன் ஆரம்பித்தது. முதலில் ஒன்று, பிறகு ஒரு கச்சேரியே. பைக்கில் இருந்த ஒருவர் எங்கள் பக்கத்தில் வந்து காலை ஊன்றினார்.

"யோவ், கண்ணு தெரியலையா? சிக்னலே இல்ல, யாருக்குய்யா நிக்கிற?"

சாலையில் யாரும் யாரையும் கேட்கிற கேள்விதான். சைக்கிளில் போகிறவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது கிடைக்கும். நான் மேலதிகாரியை விட்டுக்கொடுப்பேனா? பாரில் நிமிர்ந்து உட்கார்ந்து, "உங்களுக்குத்தான் தெரியல! எரியலைன்னா சிவப்பு!" என்று அறிவிப்பாளர் குரலில் கத்தினேன். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பைக்கில் வந்தவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அப்பாவும் சிரிப்பார் என்று திரும்பினேன். அவர் சிரிக்கவில்லை. என் தோளில் இருந்த கை இறுகியிருந்தது.

"ஏதாவது வருதாடா?" என்று மெதுவாகக் கேட்டார். அப்பா என்னிடம் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. வகுப்பில் என்னிடம் பென்சில் கடன் கேட்கிற பையனின் குரல் அது.

நான் இரண்டு பக்கமும் பார்த்தேன். நெரிசல் கொஞ்சம் விலகி, வெளிச்சம் எதுவும் அருகில் இல்லை. "இல்லப்பா, போலாம்" என்றேன். ஏறி மிதித்தார். நடு ரோட்டில், கரூர் பைபாஸ் பக்கமிருந்து ஒரு ஆட்டோ ஹெட்லைட் இல்லாமல் வந்தது. நான் "அப்பா, இடது!" என்று கத்தியதும் அதன் முன்சக்கரம் எங்கள் பின்சக்கரத்தில் மோதியதும் ஒன்றாகவே நடந்தன.

பெரிய அடி இல்லை. எனக்கு முழங்கால் தோலும் ஒரு பல்லின் முனையும் போயின. அந்தப் பல்லை இன்றைக்கும் சிரிக்கும்போது பார்க்கலாம். டிபன் கேரியர் மூன்று அடுக்காகப் பிரிந்து மூன்று திசையில் உருண்டது. ஆட்டோக்காரர் திட்டுவதற்காக இறங்கி வந்தார். வந்தவர் திட்டாமல் நின்றுவிட்டார். ஏனென்றால் அப்பா நடு ரோட்டில் முட்டி போட்டு, இரண்டு கைகளாலும் தார் ரோட்டைத் தடவித் தடவி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அவருக்கு வலது பக்கத்தில், கை எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"இங்கதாம்பா இருக்கேன்" என்றேன். இருட்டில் தேடுகிறார் என்று நினைத்தேன். ஆட்டோக்காரர்தான் அப்பாவின் கையைப் பிடித்து என் தலைமேல் வைத்தார். பிறகு சைக்கிளை ஆட்டோவின் மேல் கட்டி, எங்களையும் ஏற்றி, ஸ்ரீரங்கம் வரை கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. தன் தப்பு என்பதால் வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் அப்பா டாக்டரிடம் போனார். எனக்குத்தானே அடி, இவர் ஏன் போகிறார் என்று எனக்குப் பொறாமை. சாயங்காலம் அப்பாவும் அம்மாவும் திரும்பி வந்து, விளக்கைப் போடாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு நாள் அடுப்பில் பொன்னாங்கண்ணி ஏறவில்லை. நான் உள்ளூரச் சந்தோஷப்பட்டேன். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சமயபுரம் போனோம். கோயில் வாசல் கடையில் அம்மா ஒரு ஜோடி கண்மலர் வாங்கினாள். வெள்ளித் தகட்டில் இமையும் பாவையும் அடித்த இரண்டு கண்கள். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உண்டியலில் போட்டுவிட்டு, அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எதுக்கும்மா?" என்றேன். "எல்லாம் நல்லபடியா ஆகணும்னு வேண்டிக்கடா" என்றாள்.

நான் மூளையைப் போட்டுக் குடைந்தேன். நம் வீட்டில் சமீபத்தில் கெட்டுப்போனது எது? சிக்னல். எங்களைத் தள்ளிவிட்டது எது? சிக்னல். அது எரியாமல் போனதால்தானே எல்லாம்! சமயபுரத்து ஆத்தா நம் ரங்கநாதருக்குத் தங்கை. அண்ணன் ஊருக்குப் போகிற வழியில் இருக்கிற சிக்னலை அவள் பார்க்காமல் யார் பார்ப்பார்கள்? நானும் கண்ணை மூடி, கம்பத்தின் அடையாளத்தைத் துல்லியமாகச் சொல்லி வேண்டிக்கொண்டேன்.

டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரிந்தது நான் மீசையை மழிக்க ஆரம்பித்த பிறகு. கண்ணுக்குள் நீர் அழுத்தம். அது ஓரத்திலிருந்து சத்தமில்லாமல் தின்றுகொண்டு வரும், நடுவைக் கடைசிக்கு வைத்திருக்கும். ஒரு குழாய் வழியாக உலகத்தைப் பார்க்கிற மாதிரி. பேப்பர் தெரியும், ஊசிக் காது தெரியும். பக்கத்தில் வருகிற பஸ்ஸும், மேலே எரிகிற விளக்கும், எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிற மகனும் தெரியாது. போனது வராது, இருப்பதை வேண்டுமானால் கொஞ்சநாள் பிடித்துவைக்கலாம். என்னை எதற்காகப் பாலம் தாண்டிப் பெரிய ஸ்கூலில் சேர்த்தார் என்பதும் அப்போதுதான் விளங்கியது. என் திறமை என்னவென்று அப்பா சரியாகத்தான் கணித்திருக்கிறார்.

இது அப்பாவிடமிருந்து பிள்ளைக்கும் வரலாம் என்கிறார்கள். போன மாதம் எனக்கும் பரிசோதனை செய்தார்கள். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை நுழைத்து, நடுவில் இருக்கிற மஞ்சள் புள்ளியையே பார்க்கவேண்டும். ஓரங்களில் எங்காவது சின்ன வெளிச்சம் மினுக்கினால் பட்டனை அழுத்தவேண்டும். பழைய உத்தியோகம், குரல் தானாக வந்துவிட்டது. "இடது பக்கம் ஒண்ணும்மா" என்றேன். கருவியை இயக்கிய பெண், "சார், பேசாதீங்க, அழுத்துங்க போதும்" என்றாள். ரொம்ப நேரம் எதுவும் மினுக்காத மாதிரி இருந்தது. மினுக்கவில்லையா, எனக்குத் தெரியவில்லையா என்று கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த ஐப்பசிக்கு வருகிறேன். சைக்கிள் சுவரோரம் நின்றது. அப்பாவும் நானும் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் போகத் தொடங்கினோம். கடையில் ஏன் என்று கேட்டார்களாம். பையன் விழுந்துட்டான், பயப்படறான் என்று அப்பா சொல்லிவைத்தார். எனக்கு அது மானக்கேடு. அறிவிப்பாளர் பயப்படலாமா? ஒருநாள் சாயங்காலம் பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், சிக்னலில் சிவப்பு எரிகிறது! கொஞ்சநேரத்தில் பச்சை. நடுவில் மஞ்சள் மட்டும் இல்லை. பஸ்ஸில் சொன்னால் வீணாகிவிடும் என்று அடக்கிக்கொண்டு, வீட்டு வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடினேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, ஆத்தா பண்ணிட்டா! சிவப்பு எரியுது, பச்சை எரியுது. மஞ்சள்தான் எரியல. நீ ரெண்டு கண்ணுதானேம்மா போட்டே? சிக்னலுக்கு மூணு இருக்குல்ல!"

அம்மாவின் கை கீரையில் அப்படியே நின்றது. பின்னால் வந்த அப்பா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சத்தமாக, நிறுத்தாமல், கண்ணில் தண்ணீர் வரும்வரை. என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய சிரிப்பை நான் யாரிடமும் வாங்கியதில்லை. அம்மா சிரிக்கவில்லை. நகைச்சுவை உணர்ச்சி குறைவு என்று நினைத்தேன்.

"அப்போ நாளைக்கு சைக்கிள்ல போலாமாப்பா?"

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். "மஞ்சளும் எரியட்டும்டா. மூணும் எரிஞ்சாத்தான் சிக்னல்" என்றார்.

அதிலிருந்து தினமும் பஸ் அங்கே நிற்கும்போது, முன்சீட்டு முதுகையே பார்த்தபடி அப்பா கேட்பார்: "என்னடா, மஞ்சள்?"

"இன்னும் இல்லப்பா."

"ம்" என்று மூச்சை விட்டு, சாய்ந்துகொள்வார். எனக்கு ஏமாற்றமாக இருக்கிற விஷயம் அவருக்கு மட்டும் ஏன் ஆறுதலாக இருக்கிறது என்று நான் யோசித்தது உண்டு.

மார்கழியில் ஒரு சாயங்காலம் மஞ்சள் எரிந்தது. சீட்டின்மேல் ஏறி நின்று கத்தினேன். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு! மஞ்சள்ப்பா, மஞ்சள்!"

அப்பா முன்சீட்டு முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் கிளம்பியது. பிறகு, "எந்தப் பக்கம்டா?" என்றார். நான் கையை நீட்டினேன். அவர் என் கையைத் தொட்டுப் பார்த்து, அது காட்டிய திசையில் மெதுவாக முகத்தைத் திருப்பி, "ஆமாண்டா, நல்லா எரியுது" என்றார்.

பஸ் அதற்குள் பாலத்தில் ஏறிவிட்டிருந்தது. அவர் முகம் திரும்பியிருந்த பக்கத்தில் இருட்டும் காவிரியும்தான் இருந்தன. அப்பா ரொம்ப நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்குச் சைக்கிளில் போகப்போகிற சந்தோஷத்தில், பாருக்குச் சுற்ற எந்தத் துண்டை எடுக்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.